ஊசி குத்திய பிறகு

என் மகள் திருச்சியில் பயிற்சி மருத்துவர். வார்டில் படுக்கை விரிப்போடு யாரோ விட்டுப்போன ஊசி அவள் விரலில் குத்திவிட்டது. அந்தப் படுக்கையில் இருந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. அன்றே தடுப்பு மாத்திரை தொடங்கினாள். ஸ்ரீரங்கம் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பயப்படாதேம்மா. வைரஸ் தன்னை நகலெடுக்கறப்போ, நம்ம உடம்புச் செல்லோட புரதம் ஒண்ணு அந்த நகலைத் தப்பும் தவறுமா மாத்தி, உதவாததா ஆக்கிடும்."

"அப்போ மாத்திரை எதுக்குடி?"

"இந்த வைரஸ் பெரிய கேடிம்மா. அந்தப் புரதத்தை ஒழிச்சுக்கட்டவே கையோட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரும்."

சிரித்தவள் அப்படியே எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசிப் பரிசோதனையிலும் தொற்று இல்லை. காப்பாற்றியது மாத்திரையா, செல்லா, கிருமி உள்ளே போகவே இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு அவளுடைய மேலதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"அந்த ஊசியை விட்டுட்டுப் போனது யாருங்க?"

"அதான் ஒண்ணும் ஆகலையேம்மா. இனிமே பொண்ணைக் கவனமா இருக்கச் சொல்லுங்க."

கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குக்கூட ஒரு காவல் இருக்கிறது. அந்த வார்டில் பயன்படுத்திய ஊசியைப் போட ஒரு டப்பா இல்லை. மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். மறுநாள் காலை அதே வார்டுக்குத்தான் பஸ் ஏறினாள்.