வெயில் படும் இடத்தில் இருக்காதே

ஈரமான கம்பளிக் கையுறை காயும்போது ஒரு மணம் வரும். செம்மறி ஆட்டையும் டீசலையும் கலந்த மாதிரி... எண்பத்தாறாம் ஆண்டு வசந்தம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த மணம்தான்.

கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பியதில் எனக்கும் யோகனுக்கும் கிடைத்தது பவேரியாவின் தெற்கு மூலையில் ஒரு மலைக்கிராமம். அகதிகள் தங்கும் ஹைமில் இருவருக்கும் ஒரே அறை. யாழ்ப்பாணத்தில் நான் கோப்பாய், அவன் புங்குடுதீவு. மலையைப் பற்றி இருவருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் பக்கத்தில் கீரிமலை என்று பெயரில்தான் மலை உண்டு, ஏறிப் பார்க்க ஒன்றும் இல்லை!

யோகன் கரப்பந்தாட்டக்காரன். ஹைம் முற்றத்தில் கயிறு கட்டி விளையாடும்போது அவன் எழும்பினால் மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஜெர்மன் கழகம் ஒன்றில் சேர வேண்டும் என்பதே அவனுடைய ஒரே கதை.

எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊர்ச்சபை சொல்லும் பொது வேலைக்கு மட்டும் போகலாம். எங்களுக்குக் கிடைத்தது, கேபிள் கார் நிலையத்துக்கு ஏறும் மலைத்தெருவில் விழுந்து கிடக்கும் கல்லை அள்ளுவது.

கூட வருபவன் செப், அந்த ஊர்த் தெருவேலைக்காரன். எங்களைவிட நாலைந்து வயது கூட. மேலே ஒருமுறை பார்க்காமல் லொறியை விட்டு இறங்க மாட்டான்.

அந்த உச்சியில் பாறைக்கு உள்ளே கோடையிலும் உருகாத பனி இருக்கிறது, மலையைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்பான். வெளிப்பக்கத்துப் பனி மட்டும் வசந்தத்தில் இளகும். காலை வெயில் பாறையில் பட்டதும் கல் விழத் தொடங்கும். ஆகவே வெயில் வர முன்னர் அள்ளி முடித்துவிட்டு, வளைவுக்கு அங்கால் நிழலில் இருந்துதான் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும்.

இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னான். எங்கள் இருவரில் கொஞ்சமாவது ஜெர்மன் தெரிந்தவன் நான்.

"உன்ர கூட்டாளிக்கும் வடிவாச் சொல்லு" என்றான்.

நான் சொல்லவில்லை...

வெள்ளைக்காரன் வேண்டுமென்றே எங்களைக் குளிரில் இருத்துகிறான் என்று நினைத்தேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் நினைப்பு. ஹைமில் சுடுதண்ணீர் நின்றாலும், ஊர்க் கடிதம் பிந்தினாலும், அவன்கள்தான். செப்பும் எங்களோடு அதே நிழலில்தான் இருந்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. என்ன செய்ய, புத்தி எப்போதும் பின்னால்தான் வருகிறது.

ஒரு நாள் செப் கல்லைக் கொட்ட லொறியோடு கீழே போய்விட்டான். வளைவில் பாய் விரித்த அளவுக்கு வெயில் விழுந்தது.

"யோகன், இஞ்ச வாடா! வெயில் வந்திட்டுது."

அவன் பிளாஸ்க்கையும் பாணையும், ஜாம் போத்தலில் போட்டுக் கொண்டுவந்த வெங்காயச் சம்பலையும் தூக்கிக்கொண்டு வந்தான். சப்பாத்தைக் கழற்றி, கால் இரண்டையும் வெயிலில் நீட்டினான்.

"அப்பாடா... இப்பதான்ரா உயிர் வந்தது."

தேங்காய் மூட்டை அவிழ்ந்து கொட்டுவது போல மேலே ஒரு சத்தம். நான் பாய்ந்துவிட்டேன். அவன் எழும்ப முன்னர் கல் வந்துவிட்டது.

செப் திரும்பி வந்து, தன் பெல்ட்டைக் கழற்றி யோகனின் தொடையில் இறுக்கிக் கட்டி, அவனைத் தூக்கி லொறியில் போட்டான். ஆனாலும் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில் செப் என்னைக் கேட்டான்.

"நீ அவனுக்குச் சொன்னனியோ?"

"ஓம். சொன்னனான்."

அந்த ஒரு பொய்... கேட்டும் கேளாதவன் என்று யோகன் தலையில் பழியைப் போட்ட பொய் அது.

பிறகு யோகன் கனடாவுக்குப் போனான். கல்யாணம், பிள்ளைகள், கடை. கிழமைக்கு ஒருமுறை கதைப்போம். உலகத்தில் உள்ள எல்லாம் கதைப்போம், இதைத் தவிர.

போன கோடையில் அந்த ஊருக்குப் போனேன். கம்பி வேலி போட்டு அந்த மலைத்தெருவை மூடியிருந்தார்கள். வேலியில் நின்ற ஊர்ச்சபைப் பெண்ணிடம் செப்பைக் கேட்டேன். அவன் செத்து இரண்டு வருஷமாம்.

தெரு ஏன் மூடிக்கிடக்கிறது என்றும் கேட்டேன். உள்ளே இருந்த பழைய பனியே இப்போது இளகுகிறதாம், சூடு அவ்வளவு கூடிவிட்டதாம். முன்பு வசந்தத்துக் காலைக்கு மட்டும் பயந்தால் போதும். இப்போது மழைக்கும் விழுகிறது, மார்கழியிலும் விழுகிறது, நிழலிலும் விழுகிறது. இனித் திறக்க மாட்டார்களாம்.

அங்கேயே நின்று யோகனுக்கு அழைப்பு எடுத்தேன். அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

அவன் ஏசினான்.

"விசரா... செப் எனக்கு ஒவ்வொரு நாளும் கையால காட்டினவன்டா. வெயிலைக் காட்டி, கல்லைக் காட்டி, தலையைக் காட்டி. எனக்கு விளங்காமலோ இருந்தது? எனக்கும் குளிர்ந்தது. அவ்வளவுதான்."

உண்மையைத்தான் சொன்னானா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னானா, தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. செப்பிடம் நான் சொன்ன பொய் அப்படியே கிடக்கிறது. அதை இனி யாரிடம் போய்த் திருத்துவது?

"இப்ப எங்க நிக்கிறாய்?" என்று கேட்டான்.

"நிழலில."

"நிழலிலயும் விழுதெண்டு இப்பதானேடா சொன்னனி. இறங்கி வா, முதல்ல."

இறங்கி வந்தேன். கீழே பஸ் தரிப்பிடம் வரும்வரை அவன் அழைப்பை வைக்கவில்லை.