பிலோமினா மிஸ் போட்ட நிபந்தனை

செவ்வாய்க்கிழமை காலை, பருத்தித்துறையில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் பிரகாஷ் அழைத்தான். “அண்ணை, பிலோமினா மிஸ் மோசம் போயிட்டா.” இறந்துபோன மிஸ்தான் எங்கள் பிரதேச சபையில், பொருளும் வேலையும் வாங்கும் பெறுகைப் பிரிவை நடத்தியவர். மிஸ்ஸோடு சண்டை பிடித்தவர்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

கட்டட அனுமதி விண்ணப்பங்களுக்கு மென்பொருள் செய்ய விலை கேட்டு அவர் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரியபோது என் கொம்பனி தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தது. மூலநிரல் திறந்ததாக இருக்க வேண்டும், எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று நிபந்தனை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூலநிரலைக் குடுத்தால் பிறகு ஆர் என்னைக் கூப்பிடப்போகினம், மிஸ்?”

“முதல் செய்த கொம்பனி பூட்டிப்போட்டுப் போக, எங்கடை பைலுகளை நாங்களே திறக்கேலாமல் நிண்டனாங்கள். சனம் வீடு கட்டேலாமல் அலைஞ்சது. நீங்கள் பழக்கித் தாங்கோ, பிழை வந்தால் திருத்துங்கோ, கூப்பிட்ட உடனை வாங்கோ. அந்த வேலைக்கு விலை போடுங்கோ.”

போட்டேன், கிடைத்தது. ஒப்படைக்கும் நாளில் என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, போட்டியில் தோற்ற பிரகாஷை உள்ளே கூப்பிட்டார். என் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் கணினியில் அவன் அதை நிறுவ வேண்டும். மதியம் வரை முடியவில்லை. ஒரு படியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். மறதி என்று சொன்னேன். மறதி அல்ல என்று அவருக்குத் தெரியும்.

“உங்கடை தலைக்குள்ளை கிடக்கிறதை நாங்கள் வாங்கேலாது. எழுதிக்கொண்டு வாங்கோ” என்று, கையெழுத்துப் போடாமல் எழும்பினார். வெட்கத்தோடு ஒரு கிழமை இருந்து எழுதினேன்.

ஒப்பந்தக் காலம் முழுக்க எங்கள் நீர்வேலித் தோட்டத்து வாழைப்பழத்தில் ஒரு சீப்புக்கூட மிஸ் என்னிடம் வாங்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் தானே தொலைபேசியில் கேட்டு, ஒரு குலை எடுத்தார்.

அவருக்குப் பிறகு வந்த அதிகாரி என்னிடம், “உங்களை விட்டால் வேறை ஒருத்தருக்கும் இது விளங்காது எண்டு ஒரு கடிதம் தாங்கோ. கேள்விப்பத்திரம் இல்லாமலே உங்கடை ஒப்பந்தத்தை நீட்டலாம்” என்றார். என்னை நம்பி இரண்டு பேர் வேலை செய்தார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, தெரிந்த எவரும் இதைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தேன். மறுபடி கேள்விப்பத்திரம் கோரினார்கள்; வேலை பிரகாஷுக்குப் போனது. மிஸ் அழைத்தார்.

“கேள்விப்பட்டன். கவலையோ?”

“ஓம், மிஸ்.”

“எனக்கும்தான்” என்றார். அதே மென்பொருளை எடுத்த வேறு இரண்டு சபைகள், பழக்கித்தர என்னைக் கூப்பிட்டன. அப்படித்தான் தப்பினேன்.

நேற்று குருநகர்த் தேவாலயத்தில் அவரை வழியனுப்பிவிட்டு வந்தோம். நான் இல்லாமலும் நடக்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் துணிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் இல்லாமலும் நடக்கும் என்று என்னால் எழுதித் தர முடியாது.