கை நழுவிய மட்டை

எழுபதுகளில் நாங்கள் உக்குவளையில் குடியிருந்தோம். பள்ளி சாஃப்ட்போல் அணியில் இடம் கிடைத்த என் மகள் செல்விக்கு மட்டை வாங்க மாத்தளை டவுனுக்குப் போனோம். வளர்கிற பிள்ளை, இரண்டு மூன்று வருஷம் பாவிக்கட்டுமே என்று கடையில் இருந்ததிலேயே பெரிய மட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா, பிடி மொத்தமா இருக்குங்க," என்றாள்.

"பழகிடும். ஒருதரம் வீசிப் பாரு."

வீசினாள். மட்டை கையை விட்டுப் பறந்தது. அதே நேரம் கைக்குழந்தையோடு ஒரு முஸ்லிம் பெண் கடைக்குள் நுழைந்தார். குழந்தையின் தலையை உரசுவதுபோல் போன மட்டை கதவுநிலையில் மோதி விழுந்தது. கிட்டப் போய்ப் பார்க்காமல் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் அதன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவரோ நேரே செல்வியிடம் போனார். அவள் சுவரோடு ஒட்டி வெடவெடத்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க மகள், புள்ளைக்கு ஒன்னும் ஆகல்ல," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "இந்தச் சின்னக் கைக்கு அடங்குறதா பார்த்துக் குடுங்க," என்றார்.

இனி மட்டையையே தொடமாட்டேன் என்று செல்வி அழுதாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடியே அவர்தான் மெல்லிய பிடியுள்ள ஒன்றை எடுத்து அவளைப் பிடிக்க வைத்தார். அதையே வாங்கினோம்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தன் குழந்தை மயிரிழையில் தப்பிய அந்த நிமிஷத்திலும் அந்தத் தாய்க்கு என் பிள்ளையின் பயம் தெரிந்தது. பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை.