கசெட்டில் போன பாட்டு

வெளிநாட்டில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்திருந்த வீட்டில் சமையல் அண்ணையுடையது. ஒல்லியான மனிதர், அடுப்படியிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். அகதி வழக்கு முடியாததால் மூன்று வருடமாக ஊரிலிருந்த மனைவியைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் போலக் கசெட்டில் பேசித்தான் ஊருக்கு அனுப்புவார். "நான் சுகம்" என்றதும் வானொலியைக் கிட்ட இழுப்பார். "இந்தப் பாடுறவனும் வீட்டை போகத்தான் பாக்கிறான், கேளும்" என்று சொல்லி, வானொலியில் போகும் அமெரிக்க நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டைப் பதிவு செய்வார்.

"உங்களுக்கு எப்பிடி விளங்குது அண்ணை?"

"குரலிலை தெரியும் தம்பி. இங்கிலிஷ் வேண்டாம்."

ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று உணவகத்தில் கோப்பை கழுவிய என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் கடைசியாகப் பதிவு செய்த பாட்டு மறுபடி வானொலியில் போனபோது வரிவரியாக விளங்கப்படுத்தினேன். கடைசி வரியில் அவன் ஊர் திரும்புகிறான். அவன் காதலிக்கோ வேறொருவனுடன் கல்யாணம் முடிந்துவிட்டது.

அவர் அடுப்பை அணைத்தார்.

"உந்தப் பாட்டை நேற்றுத்தான் தபாலிலை போட்டனான். ஊரிலை எங்கடை பக்கத்து வீட்டு ரீச்சருக்கு இங்கிலிஷ் தெரியும்."

இரண்டு மாதம் கறியில் உப்பில்லை. பிறகு மனைவியின் பதில் கசெட் வந்தது.

"இஞ்சேருங்கோ, அந்தப் பாடின பொடியன் வீட்டை போய்ச் சேர்ந்திட்டானோ?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"பொய் சொல்லக்கூடாது" என்றவர் பதிவுப் பொத்தானை அழுத்தினார். "இன்னும் இல்லையப்பா. வழியிலை நிக்கிறான்."

இப்போதும் எங்காவது அந்தப் பாட்டு கேட்டால், கடைசி வரி வருமுன் வானொலியை நிறுத்திவிடுகிறேன்.