பாத்தியில் இறங்காத சிப்பாய்கள்

பேய், பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா சிரிச்சிட்டு எழுந்து போயிடற ஆளு சார் நானு. எலக்ட்ரீஷியன் வேற, லைட்டு தானா அணைஞ்சா எந்த ஒயர் போச்சின்னு தேடுவேனே தவிர மந்திரவாதிய தேட மாட்டேன். இப்ப நீங்க ஒரு மாதிரி பாக்கறீங்க பாருங்க, அதே மாதிரிதான் நானும் மத்தவங்கள பாத்திருக்கேன். பரவால்ல, பாருங்க. நடந்தத சொல்றேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கட்டைவிரல் உசரத்துக்கு சிப்பாய் பொம்மைங்க, ஒவ்வொண்ணுக்கும் பெயின்ட் அடிச்சி, பெரிய மேஜை மேல ஆறு, காடு, கோட்டைன்னு செட்டு போட்டு, பழைய காலத்து சண்டைய டைஸ் உருட்டி ஆடறது. ஆரோவில்ல வேலைக்குப் போன எடத்துல ஒட்டிக்கிச்சி. கூட்டாளிங்க எல்லாம் பாண்டி. மாசாமாசம் பொம்மை டப்பாவ மடில வெச்சிக்கிட்டு பஸ்சுல போயிட்டு வருவேன். ஒரு தடவையாச்சும் மரக்காணத்துல, நம்ம வீட்ல நடத்தணும்னு அவ்ளோ ஆசை. டியூஷன் சென்டர் வெச்சிருக்கற பிரபுதான் கிண்டல் பண்ணான். "டேய், உப்புக்காத்துல எங்கள ஊறுகா போடப் போறியா? சரி, ஒரு வாட்டி வர்றோம். சொதப்புச்சின்னா அப்புறம் பேச்சே எடுக்கக் கூடாது."

ஞாயித்துக்கிழமை காலைல வர்றாங்க. ஆலம்பரைக் கோட்டைக்கு பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடிச்சிக்கிட்ட சண்டைதான் ஆட்டம். சனிக்கிழமை பொழுது சாயறவரைக்கும் கோட்டைச் செவுரு ஒட்டறதே சரியா போச்சி, தரைக்கு மணல் அள்ளி சலிச்சி காய வைக்க நேரமில்ல, அதனால உப்பளத்துலேந்து ஒரு மூட்டை உப்பு கொண்டாந்து மேஜை பூரா கொட்டி பரப்பிட்டேன். வெள்ளை வெளேர்னு தரை, அதுமேல செவப்பு கோட்டு சிப்பாயிங்க, நானே சொக்கிப் போயிட்டேன். எம் பொண்டாட்டி மேரி வீட்ல எல்லாருக்கும் உப்பள வேலதான். வாசப்படில நின்னு பாத்துட்டு, "ஏங்க, பூட்ஸ் காலோட யாராச்சும் உப்பு வெளையற பாத்தில எறங்குவாங்களா? வரப்பு மேல நிக்க வைங்க"ன்னா. கிண்டல் பண்றாள்னு விட்டுட்டேன்.

சாப்பிட்டு வந்து பாக்கறேன், கடல்காத்து திரும்பி உப்பு கசிய ஆரம்பிச்சிடுச்சி. மேஜை ஓரமா தண்ணி சொட்டுது, கோட்டை அட்டை ஊறி சாயுது. உப்பளத்து ஊருல பொறந்தவனுக்கு இது தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும் சார், அவசரத்துல புத்தி வேல செய்யல. ஜன்னல சாத்தி, ஃபேன போட்டு, ரூமப் பூட்டி சாவிய இடுப்புல செருகிக்கிட்டு படுத்துட்டேன். வெக்கத்த விட்டு சொல்றேன், அழுகையே வந்துடுச்சி.

தூக்கத்துல சரக், சரக்குன்னு ஒரு சத்தம். மேரி கண்ணத் தொறக்காமலே, "இந்நேரத்துல யாரு பலகை போட்டு உப்பு வார்றது"ன்னு முணுமுணுத்துட்டு திரும்பி படுத்துட்டா. நானும் தூங்கிட்டேன், எப்டி தூங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

காலைல பூட்டத் தொறந்தா, நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, மேஜை பூரா பாத்தி கட்டியிருக்குது. நூல் புடிச்ச மாதிரி குட்டி குட்டி வரப்பு, நடுவுல உப்பு காஞ்சி மினுமினுக்குது, கோட்டை நிமிந்து நிக்குது. பொம்மை ஒண்ணுகூட உப்புல இல்ல, அத்தனையும் வரப்பு மேல வரிசையா. மேரிய கத்திக் கூப்ட்டேன். வந்தா, சிலுவை போட்டுக்கிட்டா, அப்புறம் குனிஞ்சி பாத்து, "வேல சுத்தமா செஞ்சிருக்காங்க"ன்னுட்டு டீ போடப் போயிட்டா.

ஆட்டம்னா அன்னிக்கு ஆட்டம் சார்! உப்புல எறங்கக் கூடாதுன்னு பேசிக்கிட்டோம், அகலமில்லாத வரப்பு மேல ஒருத்தன் பின்னாடி ஒருத்தனாதான் படை போவணும், பிரபு பட்டாளம் மொத்தமும் நடுவுல மாட்டிக்கிச்சி. தோத்தவனே எழுந்து என்ன கட்டிப் புடிச்சி, "இனிமே இங்கதான்டா ஆட்டம்"னுட்டான். நான் உள்ளத சொன்னேன், ஒருத்தனும் நம்பல, எல்லாம் அண்ணி கைவேலைன்னு சிரிச்சானுங்க. சிரிக்கட்டும், எனக்கு மனசு நெறஞ்சி போச்சி.

அவங்க கெளம்பினதும் உப்ப வார கை வெச்சவன் வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். சுடுது. சித்திரை மாசத்து மத்தியான வெயில்ல பாத்தில கை வெச்சா எப்டி சுடுமோ அப்டி. ஜன்னல் சாத்தின ரூமு சார், ட்யூப்லைட்ட விட்டா வெளிச்சமே கெடயாது.

இப்ப மாசாமாசம் எங்க வீட்லதான் ஆட்டம், சந்தோஷமாத்தான் இருக்கேன். உப்பக் கொட்டி பரப்பறதோட என் வேல முடிஞ்சிது, கதவ சாத்திட்டு வந்துடறேன். போன மாசம் ராத்திரி பூரா அடமழை, காலைல தொட்டுப் பாத்தேன். அப்பவும் சுடுது சார்.