மாமாவுக்கு நிறை கூட்டிய தயிர்

"...இன்னும் ஒரு அகப்பை போடுறன், தின்னுங்க. நிறை காணாதெண்டுதானே போன கிழமை பட்டாளத்து டாக்குத்தர் உங்களைத் திருப்பி அனுப்பினவர்!"

இன்று எருமைத் தயிர்ச் சட்டியின் ஆடையைக் கரண்டி கீறியதும் மாமியின் இந்தக் குரல்தான் கேட்டது. அது வெள்ளைக்காரர் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்த யுத்தகாலம். நாவற்குடாவில், வாவியைப் பார்த்தபடி மாமா வீடு. காக்கி உடுப்பென்றால் மாமாவுக்கு உயிர். நெஞ்சை விரித்து அளவு காட்டிவிட்டார், நிறைதான் போதவில்லை. அன்று மத்தியானம் மறுபடி நிறுப்பதற்கு லொறி வந்து ஏற்றிப்போகும்.

"பட்டாளம் வேணாமெண்டு அழுதவள், இப்ப நீயே ஊட்டுறாய். என்னகா புதினம்?" என்று சிரித்தார் மாமா.

"போறவர் வெறும் வயித்தோட போகப்படாது."

மாமி பனங்கட்டியும் வாழைப்பழமும் பிசைந்து இன்னும் ஊற்றினார். உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்பார்களே, மாமா அப்படியே பாயில் சாய்ந்தார். வாவிக் காற்று வந்தது. தென்னோலை நிழல் அவர் நெஞ்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

சந்தியில் லொறி ஹோர்ன் அடித்தது. மாமாவை எழுப்ப ஓடினேன். மாமி விரலை உதட்டில் வைத்தார். பிறகு மாமாவின் தலையைத் தன் மடியில் எடுத்து, இரண்டு காதையும் உள்ளங்கைகளால் மெல்லப் பொத்திக்கொண்டார்.