நெற்றிக்கு எத்தனை, உச்சிக்கு எத்தனை

அவனுக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரிகள் எல்லாருடைய பையிலும் தரை சமமா என்று பார்க்கிற ரசமட்டம் இருக்கும். இவன் மட்டும் தான் உட்காரப்போகிற நாற்காலியிலும் அதை வைத்துப் பார்ப்பான். வயது முப்பத்தாறு. முப்பதிலேயே நெற்றி மேலே ஏறத் தொடங்கிவிட்டது. உச்சியில் தனியாக ஒரு வழுக்கை வட்டம், டீ கிளாஸ் வைக்கிற தட்டு அளவுக்கு.

அந்த வட்டம் இருப்பதே ஒரு வீடியோவில்தான் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது. ஒரு வீட்டுக் கூடத்தில் நானூறு டைல்ஸ் ஒட்டியிருந்தான். ஒன்றுகூட ஏற்ற இறக்கமில்லை. அவனோடு கலவை குழைக்கிறவர் ஏணியில் ஏறி, போனில் மேலிருந்து படம் பிடித்துப் போட்டார். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கீழே முதல் ஆள் எழுதியிருந்தான்: ‘தரை அருமை. நடுவுல ஒரு டைல் மட்டும் ஏன் நகர்ந்துக்கிட்டே இருக்கு?’

மனைவியிடம் காட்டி அவனே விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாளிலிருந்து தொப்பி.

முடி நடுவது என்று முடிவானதும் ஆளே மாறிவிட்டான். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கக் கிரௌட் பூசும்போது விசிலடித்தான். கலவை குழைக்கிறவருக்கு ஐம்பத்தைந்து வயது, சீப்பு நுழையாத முடி. அவரிடமே போய், “இன்னும் ஒரு வருஷம்தான் அண்ணே உங்க ஆட்டமெல்லாம்” என்றான்.

“முளைக்கட்டும் மேஸ்திரி. எண்ணெய்ப் பாட்டில் நான் வாங்கித் தரேன்.”

டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று காலை குளியலறையை விட்டு அவன் வெளியே வரவில்லை. கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. மனைவி தட்டினாள்.

“ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?”

திறந்தான். சுவரில் டைல்ஸுக்குக் கோடு காட்டுகிற லேசர் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிமேல் நிறுத்தியிருந்தான். நெற்றியின் குறுக்கே கருப்பாக ஒரு கோடு.

“அது என் கண்மைப் பென்சிலா?”

“அதை விடு. கோட்டைப் பாரு. ஒரு நூல் பிசகியிருந்தா சொல்லு.”

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டிவிடுகிறவள். நாளைக்கு நாற்பது முகங்களைக் கிட்டத்தில் பார்ப்பவள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “கேரம் போர்டு மாதிரி இருக்கு” என்றாள்.

அந்தக் கோட்டோடுதான் கிளினிக்குக்குப் போனான். டாக்டரம்மா கட்டையாக வெட்டிய நரைமுடிக்காரர். கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதை யார் போட்டது?”

“நான்தான் டாக்டர். லேசர் வச்சு.”

“சுவருக்குன்னா ரொம்ப சரி. மனுஷனுக்கு முடி இப்படி நேர்க்கோட்டுல முளைக்கறதில்லையே. விக் மாட்டின மாதிரி ஆயிடும்.”

பஞ்சால் அழித்துவிட்டு இரண்டு விரல் மேலே வேறொரு கோடு போட்டார். வளைந்து, நெளிந்து போயிற்று. அவன் கண்ணாடியில் ஒரு கண்ணை மூடி அதை அளந்தான்.

“வலது பக்கம் ரெண்டு மில்லி தூக்கியிருக்கு டாக்டர்.”

“தெரியும். வேணும்னுதான் தூக்கினேன்.”

பிறகு கணக்கைச் சொன்னார். பின்தலை முடி உதிராத ரகம். அங்கிருந்து வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, நாற்று நடுகிற மாதிரி முன்னால் நட வேண்டும். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து அவன் பின்தலை நாலாயிரம் வேர் கொடுக்கும், அவ்வளவுதான். நெற்றிக்கு இரண்டாயிரத்து இருநூறு பிடிக்கும். உச்சி வட்டத்துக்கு ஆயிரத்து எண்ணூறு.

அவன் மனதுக்குள் கூட்டினான். முகம் மலர்ந்துவிட்டது. “சரியா நாலாயிரம்! ஒரு துண்டு மிச்சமில்லாம உட்காருது டாக்டர்!”

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு. உங்க குடும்பத்துல வழுக்கை யாருக்கு?”

“தாய்மாமாவுக்கு. காதுக்கு மேல வேலி மட்டும் நிக்குது.”

“அப்ப நெற்றிக்கும் உச்சிக்கும் நடுவுல இப்ப இருக்கறதும் ஒருநாள் போகலாம். அன்னைக்கு நட நம்மகிட்ட நாற்று இருக்காது. உச்சியில நட்டது மட்டும் தீவு மாதிரி தனியா நிக்கும். நெற்றி மட்டும் போதும்னு நான் சொல்வேன். தலை உங்களோடது. வியாழக்கிழமை வரும்போது எத்தனைன்னு சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் டைல்ஸ் பெட்டி அட்டையைக் கிழித்து, மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி தன் தலைக்கு ஒரு பிளான் வரைந்தான். மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நாலாயிரமும் போட்டுடலாம். மாமாவுக்கு ஆனது எனக்கும் ஆகணும்னு என்ன?”

“மாமா மூக்கு வந்தாச்சு, மாமா கோபம் வந்தாச்சு, மாமா குறட்டையும் வந்தாச்சு. வழுக்கை மட்டும் வழி தெரியாம நின்னுடுமா?”

“இல்ல, நீ புரிஞ்சுக்க. நான் நாள் முழுக்கக் குனிஞ்சு வேலை செய்யறவன். எந்த வீட்டுக்காரன் என் முகத்தைப் பார்த்தான்? எல்லாரும் உச்சியைத்தான் பாக்கறாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை. அவள் மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள்.

“வேலை முடிஞ்சதும் நிமிர்ந்துதானே பேசறீங்க? அப்ப பாக்கறாங்க.” அடுத்த துணியை எடுத்தபடி சொன்னாள்: “போன மாசம் ஒரு வீட்டம்மா, எதுக்கு ரெண்டு பெட்டி டைல்ஸ் அதிகம் வாங்க வச்சீங்கன்னு சண்டைக்கு வந்தாங்களே, என்ன சொன்னீங்க?”

“இதே நிறம் அப்புறம் கிடைக்காது, பரண்ல போட்டு வைங்கன்னேன். தரையும் தலையும் ஒண்ணா?”

“நெத்தியில லேசர் அடிச்சது யாரு, நானா?”

அவன் பிளான் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். ஆனால் ஆசை அடங்கவில்லை. காலையில் நாலாயிரம் என்பான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டாயிரத்து இருநூறுக்கு இறங்குவான். சாயங்காலம் மூவாயிரத்தில் நிற்பான். “இன்னைக்கு நிலவரம் என்ன மேஸ்திரி?” என்று கலவை குழைக்கிறவர் தினமும் கேட்டார். உச்சியிலும் கொஞ்சம் நடலாமா என்று டாக்டருக்கு மூன்று தடவை போன் போட்டான்.

வியாழக்கிழமை, இரண்டாயிரத்து இருநூறுக்குக் கையெழுத்துப் போட்டான். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். தலையை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, குப்புறப் படுக்க வைத்தார்கள். கட்டிலில் முகத்துக்காக ஓர் ஓட்டை. அதன் வழியே தரை தெரிந்தது. ஒரு டைல் ஓரம் தூக்கியிருந்தது.

“சிஸ்டர், இதை யார் ஒட்டினது? தடுக்கி விழப்போறீங்க.”

“அண்ணே, நீங்க பேசினா தலை ஆடுது.”

பேசாமல் இருக்க அவனால் முடியவில்லை. எத்தனை ஆச்சு, எத்தனை ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்று மணி நேரம் கழித்து டாக்டரம்மாவின் செருப்பு ஓட்டைக்கு நேராக வந்து நின்றது.

“ரெண்டாயிரத்து இருநூறு ஆச்சு. வேர் நல்லா வருது. என் அபிப்பிராயம் மாறல. ஆனா நீங்க மூணு தடவை போன் பண்ணிக் கேட்டதால கேக்கறேன். இன்னொரு எண்ணூறு எடுத்தா உச்சியில லேசா தூவி விடலாம். இப்பவே சொல்லணும்.”

லேசாகத் தூவி விட்டால் போதுமே. ஏணிமேலிருந்து எவன் பார்த்தால் என்ன? ‘எடுங்க’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கேட்க ஆளில்லை.

“எடுக்காம விட்டா அந்த எண்ணூறு என்ன ஆகும் டாக்டர்?”

“ஒண்ணும் ஆகாது. அங்கயே வளரும். மாசம் ஒரு தடவை வெட்டிக்குவீங்க.”

நாற்பத்தைந்து வயதில் தன்னை நினைத்துப் பார்த்தான். நடு மண்டை காலி. மாமாவுக்கு அந்த வயதில் இப்படி நட்டுக்கொள்ள வழி இருக்கவில்லை. இவன் பின்தலையில் மிச்சமிருக்கிற ஆயிரத்து எண்ணூறோடு இதே படியேறி வருவான். இத்தனை நாள் பறிகொடுப்பதாகத் தோன்றிய கணக்கு, சட்டென்று சேமிப்பாகத் தெரிந்தது. அடக்க முடியாத குஷி வந்துவிட்டது.

“வேணாம் டாக்டர். அங்கயே இருக்கட்டும். நெத்தியை ஆரம்பிங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“சீக்கிரம் டாக்டர்!”

யாரும் கை கொடுக்கும் முன்பே அவனே புரண்டு மல்லாந்தான். “ஐயோ அண்ணே!” என்று சிஸ்டர் வேர்கள் இருந்த தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். டாக்டரம்மா ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

“முதல்ல சிரிப்பை நிறுத்துங்க. நெத்தி சுருங்குது.”

“இதோ டாக்டர்” என்றான். நிறுத்த முடியவில்லை.